படுத்துப் பார்க்காத ஆணையம்

விமான நிலையத்தை மூடியது மெத்தைக்காரர்தான். உலகத்தில் எத்தனையோ கெட்டவர்கள் ராப்பகலாகத் திட்டம் போட்டும் முடியாத காரியத்தை, அவர் ஒரு பழைய மெத்தையையும் ஒரு குட்டித் தூக்கத்தையும் வைத்துக்கொண்டு முடித்துவிட்டார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்கு மெத்தை தைக்கவேண்டும். புதுப் பஞ்சு திமிறும், குழந்தை முதுகுக்கு ஒத்துவராது என்பது மெத்தைக்காரரின் கட்சி. மகள் சின்ன வயதில் படுத்த மெத்தை பரணில் கிடந்தது. அதை இறக்கி, பிரித்து, பஞ்சை மொட்டை மாடியில் கொட்டி, பஞ்சடிக்கும் வில்லின் நாணால் அதிர அதிர அடித்து, சோப்பு நுரை மாதிரி ஆக்கி வெயிலில் பரப்பினார். அதன்மேல் வலை போட்டு மூடவேண்டும். வலை கீழே கடையில் இருந்தது.

வலையை எடுக்கத்தான் கீழே போனார். அங்கே வாடிக்கையாளர் ஒருவருக்குத் தைத்து முடித்த மெத்தை விரித்துக் கிடந்தது. தான் படுத்துப் பார்க்காத மெத்தையை அவர் யாருக்கும் கொடுத்தது கிடையாது. இதைத் தொழில் சுத்தம் என்று அவர் சொல்வார், சோம்பேறித்தனம் என்று அவர் மனைவி சொல்வாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். படுத்தார். மெத்தை நன்றாக அமைந்துவிட்டது. கண் சொருகியது. வலை கையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்தது.

வீட்டின் பின்சுவருக்கு அடுத்தது ஒரு சந்து. சந்துக்கு அடுத்தது விமான நிலையத்தின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. இறங்க வந்த விமானத்தின் விமானி, பட்டப்பகலில், பளிச்சென்ற வெயிலில், ஓடுபாதைமேல் மட்டும் ஒரு மூடுபனி உருளுவதைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறிவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அது நுரை என்றார். இன்னொருவர் புகை என்றார். மூன்றாமவர், பாவம், வாய் தவறி, பொடி மாதிரியும் இருக்கிறதே என்றார். பொடி என்ற சொல் காதில் விழுந்த உடனே விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

மெத்தைக்காரர் கண் விழித்தபோது, தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பும் முகத்தில் கண்ணாடிக் கூண்டுமாகச் சிலர் அவரைச் சுற்றி நின்றார்கள். செத்துப்போய்விட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அவர்களுக்குப் பின்னால் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்ததும், உயிரோடுதான் இருக்கிறோம் என்று புரிந்துவிட்டது.

"தூங்குங்க, தூங்குங்க," என்றாள். "மாடியில ஒரு பிடி பஞ்சு மிச்சம் இல்ல. நல்லாத் தூங்குங்க."

வெள்ளை உடுப்புக்காரர்கள் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஓடுபாதையில் பொறுக்கிய பஞ்சை முத்திரையிட்ட பைகளில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வில்லைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்கள். இது வில்தானே என்று கேட்டார்கள். வில்தான் என்று மெத்தைக்காரர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அம்பு எங்கே என்றார்கள். அம்பு கிடையாது, இது பஞ்சடிக்கிற வில் என்றார். அம்பு இல்லாமல் எவனாவது வில் வைத்துக்கொள்வானா என்று கேட்டுவிட்டு, அந்தி சாயும்வரை பரண், சமையலறை, குளியலறை, மனைவியின் தையல் பெட்டி என்று ஒன்று விடாமல் அம்பு தேடினார்கள். தையல் பெட்டியில் மெத்தை தைக்கும் நீள ஊசி கிடைத்தது. அதை எடுத்து வில்லில் பூட்டிப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. வருத்தமாகத்தான் போனார்கள். வில்லைக் கூடவே கொண்டுபோய்விட்டார்கள்.

ஆய்வுக்கூடம் கடைசியில் தன் முடிவைச் சொன்னது. பொருள் பஞ்சு என்பது ஏறக்குறைய உறுதி. இதன்மேல் நீண்ட காலம் ஒரு மனிதப் பிறவி படுத்திருந்ததற்கும், சிறுபிராயத்தில் அந்தப் பிறவி அவ்வப்போது இதை நனைத்ததற்கும் தடயங்கள் உண்டு. பைகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு பையிலும் சிவப்பு மையில் 'ஆபத்தற்றது' என்று முத்திரை.

"பஞ்சுக்குச் சொல்லிட்டாங்க," என்றாள் மனைவி. "வீட்டுக்கு எப்ப சொல்லுவாங்க?"

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகளுக்குச் சீக்கிரமே விடுப்பு முடிகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டால் குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அதற்காகவே மாடியறைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டி, மனைவி நாளுக்கு இரண்டு தரம் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில் அவர்கள் மொட்டை மாடியை ஒரு சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். வட்டத்துக்கு மேலே ஒரு விமானம், சக்கரத்தை நீட்டிக்கொண்டு, துணி காயப்போடும் கொடியை உரசுகிற மாதிரி போனது. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து, அந்தச் சத்தத்திலேயே சாப்பிட்டு, அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டுப் போனவர்தான். கண்ணால் பார்த்தபோது வராத பயம் டிவியில் பார்த்ததும் வந்துவிட்டது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் போனில். "யாராவது ஒரு பெரிய ஆபீசர், அந்த வீட்டுல குழந்தை இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த பஸ்ஸுலயே கொண்டுவந்து விடறேன். சொல்ற வரைக்கும் மனசு கேக்க மாட்டேங்குது."

ஒரு வார்த்தைதானே, கேட்டு வாங்கிவிடுவோம் என்று மெத்தைக்காரர் நினைத்தார். அதிகாரிகளோடு பழக்கமில்லாதவர்.

நகர அண்மை விமான நிலையப் பாதுகாப்பு இடர் மதிப்பீட்டு ஆணையத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. நகரத்துக்கு அருகில் விமான நிலையம் இருப்பதால் வரும் ஆபத்துகளை எடை போடுவதற்கென்றே வைத்த ஆணையம் அது. அதன் அலுவலகம் நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் எட்டாத தூரத்தில், ஒரு ஏரிக்கரையில் இருந்தது. பஸ் மாறி, பஸ் மாறி, பிறகு நடந்து போகவேண்டும். அங்கே குருவிச் சத்தம் கேட்டது. ஏன் இவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள் என்று வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டார். ஆபத்தைப் பற்றி யோசிக்க அமைதி வேண்டும் இல்லையா என்றார் காவலாளி, கேட்பதற்கும் ஆள் வந்ததே என்கிற முகத்தோடு.

உள்ளே நீள மேஜை. மேஜையின் தலைமாட்டில் தலைவர். மெத்தைக்காரருக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் முதுகுதான் கண்ணில் படும். தலைவர் தூக்கம் வராமல் புரளுகிற ஜாதி. இடது தோள் இறங்கியிருக்கிறது. இவருக்கு நடுவில் கொஞ்சம் கெட்டியாக அடைத்துக் கொடுக்கவேண்டும் என்று மனசுக்குள் அளவெடுத்துக்கொண்டார். தலைவருக்குப் பக்கத்தில் ஒரு நிபுணர். அவர் முதுகு நாற்காலியில் படவே இல்லை. அவருக்கு மெத்தை தேவைப்படாது, பலகை போதும்.

சுவர் முழுக்க ஒரு வரைபடம். விமான நிலையத்தின் ஒவ்வொரு கட்டிடமும், ஒவ்வொரு கதவும், கழிவறைக் குழாய்கூட அதில் வரைந்திருந்தது. மதிலுக்கு வெளியே மிச்ச இடமெல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதன் குறுக்கே 'அச்சுறுத்தல்' என்று எழுதியிருந்தது. தெரு இல்லை, வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மெத்தைக்காரர் தன் வீட்டைத் தேடினார். அது ஒரு குண்டூசியின் அடியில் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார்.

"விமான நிலையம் நகரத்துக்குள்ள இருக்குன்னு வெளியில ஒரு பேச்சு. அது விஷமப் பிரச்சாரம். விமான நிலையம் இருந்த இடத்துலதான் இருக்கு. நகரந்தான் அதைச் சுத்தி இருக்கு. சுத்தி வளைக்கிறது யாரு பழக்கம்? எதிரியோட பழக்கம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மெத்தைக்காரரும் சேர்ந்து ஆட்டிவிட்டு, பிறகுதான் தன்னைச் சொல்கிறார் என்று உணர்ந்து பாதியில் நிறுத்தினார். பணிவாக, தங்கள் தெரு விமான நிலையத்துக்கு ரொம்ப முந்தியே இருந்தது என்றும், தன் அப்பா காலத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டலாகக் கிடந்தது என்றும் சொல்லிப் பார்த்தார்.

தலைவர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, விமான நிலையம் வரப்போறது உங்க குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரியும். வந்து காத்திருந்திருக்கீங்க."

அப்புறம் திரையில் படம் ஓடியது. விமான நிலையத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளை எல்லாம் நிபுணர் தராசில் நிறுத்து வைத்திருந்தார். பட்டம், பலூன், பருந்து, ஆளில்லாமல் பறக்கிற எந்திரம், மாடியில் காயும் வேட்டி, புறா வளர்ப்பவர், புறா வளர்ப்பவர்மேல் கோபமாக இருப்பவர். இடையில் 'மெத்தை' என்று ஒரு கட்டம். பருந்துக்கு மேலே, பறக்கும் எந்திரத்துக்கு ஒரு படி கீழே. மெத்தைக்காரருக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் இவ்வளவு மேலே வந்ததில்லை.

கெட்ட எண்ணம் கொண்ட ஒருவன் உங்கள் மாடிக்கு வந்தால் எங்கே உட்காருவான் என்று நிபுணர் கேட்டார். அங்கே ஒரு பழைய பிரம்பு நாற்காலி இருக்கிறது, வெயில் தாழ்ந்ததும் நான் அதில்தான் உட்காருவேன் என்றார் மெத்தைக்காரர். வசதியாக இருக்குமா என்று கேட்டார் நிபுணர். இருக்கும் என்று இவர் சொன்னதும் மேஜையைச் சுற்றிப் பெருமூச்சு எழுந்தது. வசதியான நாற்காலி உடனடியாக அகற்றப்படவேண்டும் என்று அங்கேயே தீர்மானம் ஆனது.

கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவோம் என்று மெத்தைக்காரர் எழுந்தார்.

"ஐயா, எங்களால விமானத்துக்கு என்ன ஆபத்துன்னு விளக்கமா சொன்னீங்க. விமானத்தால எங்களுக்கு என்ன ஆபத்துன்னும் சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும். பேத்தியைக் கூட்டிவரணும்."

கல்யாணப் பந்தியில் யாரோ கெட்ட வார்த்தை பேசியது மாதிரி அறை உறைந்துவிட்டது. நிபுணர் தன் கணக்கில் அப்படி ஒரு கட்டமே இல்லை என்றார். இருந்தால் அதன் கனம் தாங்காமல் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அப்புறம் மற்ற ஆபத்துகளை எப்படி நிறுப்பது என்று நியாயமாகவே கேட்டார். தலைவர் மட்டும் கனிவாக, அது இந்த அறை இல்லை, எதிர் அறை என்று கை காட்டினார்.

எதிர் அறை விபத்துப் பிரிவு. அங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"விழுந்துடுச்சா?" என்றார், தலை நிமிராமல்.

"இல்லீங்க. விழுந்தா என்ன ஆகும்னு..."

"விழுந்தப்புறம் வாங்க. அதுக்கு முன்னாடி எங்களுக்கு வேலை கிடையாது."

"விழுந்தப்புறம் நான் எப்படிங்க வர்றது?"

அவர் நகவெட்டியை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். நல்ல மனிதர்தான். "நீங்களேதான் வரணும்னு இல்ல," என்றார். "உங்க வாரிசு வந்தாலும் போதும்."

அதற்குப் பிறகு ஆணையம் தெருவுக்கு வந்தது. வந்ததும் முதலில் வசதியான நாற்காலி போயிற்று. பிறகு கொடியில் வெள்ளைத் துணி காயப்போடக்கூடாது என்றார்கள், விமானி மூடுபனி என்று நினைப்பார். கறுப்புத் துணியும் கூடாது, புகை என்று நினைப்பார். தெருவே கொஞ்ச நாள் பூப்போட்ட துணியாகக் கட்டிக்கொண்டு திரிந்தது.

அடுத்து, விமானத்தை நிமிர்ந்து பார்ப்பது உளவு வேலையாகக் கருதப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு வண்டி போனது. தெரு குனிந்தது. இரண்டு நாளில் அதே வண்டி திரும்பி வந்தது. இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு தலைக்கு மேல் ஒன்று போகும்போது ஒரு தெருவே குனிந்துகொண்டிருப்பது சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறதாம். ஆகவே எல்லோரும் சாதாரண மனிதர்கள் பார்ப்பதுபோல் பார்க்கவேண்டும். அது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி அதிகாரியும் வந்தார். டீக்கடை வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, விமானம் வரும்போது விசில் ஊதினார். தலையை லேசாகத் தூக்கணும், ஆர்வம் இருக்கக்கூடாது, பயமும் இருக்கக்கூடாது, ஒரு சின்ன அலுப்போடு உடனே இறக்கிடணும்.

டீக்கடை நடத்தும் அம்மாவுக்கு அது வரவே இல்லை. அவர் முகத்தில் வெறுப்பு தெரிகிறது என்று அதிகாரி திரும்பத் திரும்பத் திருத்தினார்.

"இங்க பாருப்பா," என்றார் அந்த அம்மா. "தூக்கினா உளவு, குனிஞ்சா சதி. தலையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்து வியாபாரம் பண்றேன், உனக்குச் சம்மதமா?"

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள், குடியிருப்போர் தலை இல்லாமல் நடமாடும் உத்தேசம் என்று ஆணையத்தில் ஒரு கட்டம் கூடியதாகக் கேள்வி.

மெத்தைக்காரர் வில் இல்லாமல், பஞ்சைக் கையாலேயே பிய்த்துப் பிய்த்துக் குழந்தைக்கு மெத்தையைத் தைத்து முடித்திருந்தார். மஞ்சள் துணி, ஓரத்தில் சுருக்கு. அதில் அவர் படுத்துப் பார்க்க முடியாது. தலையை மட்டும் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மாப்பிள்ளை போன் பண்ணும்போதெல்லாம் இவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. குழந்தை குப்புற விழுந்துவிட்டதாம். மகள் போனைக் குழந்தையின் வாயருகே வைத்தாள். அது ஏதோ சொன்னது. சரியாக அந்த நேரம் மேலே ஒரு விமானம் போனது. என்ன சொன்னது என்று கேட்கவில்லை.

மனைவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். யாரும் சொல்லவும் வேண்டாம், எவனையும் கேட்கவும் வேண்டாம், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவோம் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் மெத்தைக்காரர், வில்லையும் வாங்கிக்கொண்டு முறையாகச் சொல்லிவிட்டுப் போவோம் என்று மறுபடி ஏரிக்கரைக்குப் போனார். இந்த இரண்டாவது முட்டாள்தனத்துக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

காலி பண்ணுவதா, என்று தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஆள் இருக்கிற வீடு எங்களுக்குத் தெரிஞ்ச ஆபத்து. காலி வீடு தெரியாத ஆபத்து. யாரு வேணா வந்து உக்காரலாம். தெரிஞ்ச ஆபத்தைக் கையில வச்சிக்கிட்டு தெரியாத ஆபத்தை விலைக்கு வாங்கச் சொல்றீங்களா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு விஷயம். உங்க தெருவை விமான நிலையத்தோட பாதுகாப்பு வளையமா அறிவிச்சிருக்கோம். இனிமே வெளியிலேர்ந்து எது வந்தாலும், மேலேர்ந்து எது விழுந்தாலும், உங்களைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். சாதாரண ஜனங்களுக்கு இந்த மாதிரி கௌரவம் கிடைக்கிறது அபூர்வம்."

அனுமதி இல்லாமல் பூட்டிக்கொண்டு போனால் தலைமறைவு என்று ஆகும் என்றும், தலைமறைவானவரின் வில்லுக்கு அர்த்தமே வேறு என்றும் நிபுணர் சேர்த்துக்கொண்டார். அறிக்கை தயாராகிவிட்டது, குடியிருப்போருக்கு உள்ள ஆபத்து புறக்கணிக்கத் தக்கது என்று அதில் எழுதியாகிவிட்டது, இனி என்ன கவலை என்று தலைவர் தோளில் தட்டினார்.

"அப்ப குழந்தையை அழைச்சிட்டு வரலாங்களா?"

"அறிக்கையில குழந்தைன்னு தனியா இல்லை. குடியிருப்போர்ன்னுதான் இருக்கு."

மெத்தைக்காரருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுகை வந்தால் அவருக்குத் தொழில் பேச்சு வந்துவிடும்.

"ஐயா, நான் ஒரு மெத்தை தைச்சா, படுத்துப் பாக்காமக் குடுக்க மாட்டேன். நீங்க இவ்வளவு பெரிய அறிக்கை தந்திருக்கீங்க. அங்க ஒருநாள் படுத்துப் பாத்தீங்களா?"

தலைவருக்கு முகம் சிவந்தது. ஆனால் நிபுணரின் முகம் மலர்ந்துவிட்டது. தலைவர் மாடியறையில், மெத்தையில், நிம்மதியாகப் படுத்திருக்கும் ஒரு படம். அறிக்கையின் அட்டைக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்றார். தலைவர் கொஞ்சம் யோசித்தார். தன் எந்தப் பக்கம் படத்தில் நன்றாக விழும் என்று யோசித்தார் போலிருக்கிறது, சம்மதித்துவிட்டார்.

குறித்த நாளன்று காலையிலேயே தெருவைக் கழுவிவிட்டார்கள். டீக்கடையை மூடிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர், முன்னும் பின்னும் வண்டிகளோடு வந்து இறங்கினார். மாடியறையில் மெத்தைக்காரர் தலைவருக்கென்று அளவு பார்த்து, நடுவில் கெட்டியாக அடைத்த புது மெத்தையைக் கட்டிலில் போட்டிருந்தார். பக்கத்தில் ஜன்னலோரம் மஞ்சள் மெத்தை.

ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. என்னவென்று மெத்தைக்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மனைவிதான் காதோடு சொன்னாள்: "சத்தத்தையே காணோமே."

அவள் சொன்னது சரி. வானம் காலியாக இருந்தது. கேட்டபோது நிபுணர் மறைக்காமல் சொன்னார்: தலைவர் இங்கே இருக்கும் வரைக்கும் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பாதுகாப்புக் காரணங்களுக்காக.

தலைவர் காலணியைக் கழற்றிவிட்டு, கட்டிலில் ஏறி, இடதுபக்கம் சாய்ந்து படுத்தார். படம் எடுத்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம், திறந்துகொண்டு ஒரு படம். இவ்வளவு அமைதியான ஒரு வீட்டை நகரத்தின் எந்த மூலையிலும் தான் கண்டதில்லை, இங்கே ஆபத்து என்பவர்கள் வந்து படுத்துப் பார்க்கட்டும் என்று தலைவர் படுத்தபடியே ஒரு சிறிய உரை ஆற்றினார். உரையின் கடைசி வாக்கியம் முடியவில்லை. குறட்டை வந்துவிட்டது.

மெத்தை அப்படி அமைந்துவிட்டது. அதற்கு மெத்தைக்காரர் என்ன செய்வார்? தலைவர் வருஷக்கணக்காகத் தூங்காத மனிதர் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். தலைவரை எழுப்பும் தைரியம் அவரோடு வந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கால்விரலில் நடந்து கீழே இறங்கி வண்டிகளில் காத்திருந்தார்கள். மெத்தைக்காரர் மட்டும் அறையிலேயே இருந்தார். சொன்ன நேரம் தாண்டியது. விமான நிலையத்தில் யாரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி, போயிருப்பார் என்று வானத்தைத் திறந்துவிட்டார்கள். அதுவரை காத்துக்கிடந்த விமானங்களில் பெரியது முதலில் வந்தது.

முதலில் தண்ணீர்க் குவளைக்குள் தண்ணீர் நடுங்கியது. அப்புறம் ஜன்னல் கம்பி. அப்புறம் சத்தம் என்று சொல்ல முடியாத ஒன்று, வயிற்றுக்குள்ளிருந்து புறப்படுகிற மாதிரி, அறை முழுக்க நிறைந்தது. ஜன்னலில் வெளிச்சம் போய் ஒரு பெரிய வயிறு தெரிந்தது. சக்கரங்கள் தெரிந்தன. சக்கரத்தில் ஒட்டியிருந்த அழுக்கு தெரிந்தது. மேற்கூரையிலிருந்து சுண்ணாம்பு ஒரு பிடி உதிர்ந்து கட்டிலில் விழுந்தது.

கட்டிலில் தலைவர் இல்லை.

மெத்தைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு சின்ன அலுப்போடு தலையைத் தூக்கி, உடனே இறக்கி, அறையைப் பார்த்தார். தலைவர் ஜன்னலுக்குக் கீழே, மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமேல் அந்த மஞ்சள் மெத்தையைக் கவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் தேய்ந்து, தூரத்தில் சக்கரம் தரையைத் தொட்டுக் கிறீச்சிட்டு, எல்லாம் அடங்கிய பிறகும் அவர் மெத்தையை விடவில்லை.

"போயிடுச்சுங்க," என்றார் மெத்தைக்காரர்.

"தினமும் இப்படியா?"

"காத்து திரும்பினா இன்னும் கொஞ்சம் தாழ வரும்."

தலைவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அதிலிருந்த விரிசலைப் பார்த்தார். சுண்ணாம்பு அவர் புருவத்தில் ஒட்டியிருந்தது. பதவி, மேஜை, உரை ஒன்றும் இல்லாமல் பார்த்தால், மூட்டு வலியுள்ள, தூக்கம் கெட்ட ஒரு வயசாளி. மெத்தைக்காரருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார். திட்டவேண்டும் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துபோய், மாப்பிள்ளை சொல்லியனுப்பியது மட்டும் ஞாபகம் இருந்தது.

"ஐயாவுக்குப் பேரன் பேத்தி உண்டுங்களா?"

"ஒரு பேத்தி. இப்பத்தான் நடக்குறா."

"ஆணையத்தை விடுங்க. அறிக்கையை விடுங்க. அந்தப் பொண்ணை நீங்க இந்த ரூம்ல தூங்க வைப்பீங்களா?"

கீழே வண்டிகளின் கதவு திறக்கும் சத்தமும், ஐயா, ஐயா என்று மாடிப்படியில் ஆட்கள் ஓடிவரும் சத்தமும் கேட்டன. தலைவர் கதவைப் பார்த்தார். அவர்கள் வருவதற்குள் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருந்தது. எழவில்லை. தலையிலிருந்த சின்ன மெத்தையை இறக்கி, அதன்மேல் விழுந்திருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் மெத்தைக்காரரிடம் கொடுத்தார்.

"மாட்டேன்," என்றார்.